குழுவில் சேர்த்தும் ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை: ஆக்டிவ் டைரக்டரியில் உதவி வேண்டும்

கேட்டவர்:
வணக்கம். 32 பேர் வேலை பார்க்கும் தணிக்கை அலுவலகம் எங்களுடையது. கணக்கு வேலையோடு சர்வரையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். விண்டோஸ் சர்வர் 2019, ஆட்களின் கணக்குகளையும் குழுக்களையும் ஒரே இடத்தில் நிர்வகிக்க ஆக்டிவ் டைரக்டரி. ஃபைல் சர்வரில் 'சம்பளம்' என்று ஒரு ஃபோல்டர். அதில் 'சம்பளம்-மாற்றம்' என்ற குழுவுக்கு மட்டும் மாடிஃபை (திறந்து மாற்றும்) அனுமதி கொடுத்திருக்கிறேன். பழைய ஆட்கள் நான்கு பேருக்கும் ஒரு சிக்கலும் இல்லை. புதிதாகச் சேர்ந்த அக்காவைக் குழுவில் சேர்த்து இரண்டு நாளாகிறது. இன்னும் 'ஆக்சஸ் டினைடு' என்றுதான் வருகிறது. அவர் பெயரை நேரடியாக ஃபோல்டரின் செக்யூரிட்டி பட்டியலில் போட்டேன், உடனே திறந்தது. அது சரியான வழி இல்லை என்று பட்டதால் எடுத்துவிட்டேன். மாதக் கடைசி, சம்பளப் பட்டியல் போட்டாக வேண்டும். எங்கே தவறு?

மறுமொழி 1:
குழுவில் சேர்த்த பிறகு அவர் லாக் ஆஃப் செய்து மறுபடி உள்ளே வந்தாரா? திரையைப் பூட்டித் திறந்தால் போதாது. அவர் எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் என்ற பட்டியல், லாகின் ஆகும் நேரத்தில்தான் டோக்கனில், அதாவது விண்டோஸ் அவருக்குக் கொடுக்கும் அடையாளச் சீட்டில், எழுதப்படுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் சர்வரில் எதை மாற்றினாலும் ஏற்கெனவே எழுதிய டோக்கன் மாறாது. சர்வர்களிடம் அவர் யார் என்று காட்டும் கெர்பரோஸ் டிக்கெட்டும் அப்படித்தான், அதன் வழக்கமான ஆயுள் 10 மணி நேரம். அவரை ஒருமுறை முழுதாக லாக் ஆஃப் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் அவர் கணினியிலேயே கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'ஹூ ஆம் ஐ ஸ்லாஷ் குரூப்ஸ்' கட்டளையை ஓட்டிப் பாருங்கள். உங்கள் குழுவின் பெயர் அதில் வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

கேட்டவர்:
லாக் ஆஃப் செய்தோம், ரீஸ்டார்ட்டும் செய்தோம். பட்டியலில் 'சம்பளம்-மாற்றம்' இல்லவே இல்லை. ஆனால் சர்வரில் பார்த்தால் அவர் இருக்கிறார். ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அவரை நேராக அந்தக் குழுவில் சேர்க்கவில்லை. 'சம்பளப் பிரிவு' என்று ஏற்கெனவே ஒரு குழு இருந்தது. அவரை அதில் சேர்த்து, அந்தக் குழுவை 'சம்பளம்-மாற்றம்' குழுவுக்குள் சேர்த்தேன். பழைய நான்கு பேரும் நேரடியாகவே அதில் இருக்கிறார்கள்.

மறுமொழி 2:
சிக்கல் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன், தம்பி. 'சம்பளப் பிரிவு' மெயில் அனுப்புவதற்காகப் போட்ட குழுவா? அதன் ப்ராப்பர்ட்டீஸில் குரூப் டைப் என்ன என்று பாருங்கள். 'டிஸ்ட்ரிபியூஷன்' என்று இருந்தால் அது மெயில் பட்டியல் மட்டும்தான், டோக்கனில் ஏறாது. அதைக் கொண்டுபோய் ஒரு செக்யூரிட்டி குழுவுக்குள் வைத்தாலும், உள்ளே இருப்பவர்களுக்கு அந்த அனுமதி போய்ச் சேராது. திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், அதனால்தான் இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நேரம் ஆகிறது. நேரடியாகப் பெயர் போட்டதும் திறந்தது என்றீர்களே, அது நல்ல தடயம். நெட்வொர்க், ஷேர் அனுமதி இரண்டிலும் குறை இல்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

அந்தப் பெயரை எடுத்துவிட்டது ரொம்ப நல்லது. ஆளின் பெயரை ஃபோல்டரில் போட்டுவிட்டு, அவர் வேலையை விட்டுப் போனதும் கணக்கை அழித்தால், பட்டியலில் பெயருக்குப் பதிலாக எஸ்-1-5-21 என்று தொடங்கும், அந்தக் கணக்கின் நீண்ட அடையாள எண் மட்டும் மிஞ்சும். அது யாருடையது என்று பிறகு எளிதில் சொல்ல முடியாது. ஆட்கள் பிரிவுக் குழுவில், பிரிவுக் குழு அனுமதிக் குழுவில், அனுமதிக் குழு மட்டும் ஃபோல்டரில். நீங்கள் போட்ட அமைப்பு சரியானதுதான், குழுவின் வகைதான் தவறு.

கேட்டவர்:
டிஸ்ட்ரிபியூஷன்தான்! செக்யூரிட்டி என்று மாற்றினேன், அக்கா லாக் ஆஃப் செய்துவிட்டு வந்தார், இரண்டு குழுவும் பட்டியலில் வந்துவிட்டன. திறக்கிறது, சேமிக்கவும் முடிகிறது. மிக்க நன்றி அண்ணா. இன்னொரு சந்தேகம். 'பொது' ஃபோல்டரில் இருந்த ஊதிய உயர்வு எக்செல் ஃபைலை, பாதுகாப்புக்காக அதே டிரைவில் இருக்கும் 'சம்பளம்' ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டேன். இனி அது பத்திரம்தானே?

மறுமொழி 2:
இல்லை, இதை இன்றே பாருங்கள். ஒரே டிரைவுக்குள் மூவ் செய்தால் ஃபைல் தன் பழைய அனுமதியோடுதான் வரும். காப்பி செய்தால்தான் புது ஃபோல்டரின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். ஃபோல்டர் பூட்டியிருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். 'பைபாஸ் டிராவர்ஸ் செக்கிங்' என்ற உரிமை விண்டோஸில் இயல்பாகவே எல்லோருக்கும் உண்டு. முழுப் பாதையும் தெரிந்த ஒருவர் அதை அப்படியே அடித்தால், ஃபோல்டருக்குள் நுழைய அனுமதி இல்லாமலே அந்த ஃபைலைத் திறந்துவிடலாம். அனுமதிகளை மாற்றும் 'ஐகேக்கிள்ஸ்' கட்டளையில் அந்த ஃபைலின் பாதையைக் கொடுத்து 'ஸ்லாஷ் ரீசெட்' போடுங்கள், மேலே உள்ள ஃபோல்டரின் அனுமதி வந்துவிடும். முழு ஃபோல்டருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்ட வேண்டாம். தனியாக அனுமதி வைத்த ஃபைல் ஏதாவது இருந்தால் அதுவும் அழிந்துபோகும்.

கேட்டவர்:
பார்த்தேன். அந்த ஃபைலில், அலுவலகத்தில் கணக்கு உள்ள எல்லோரும் இருக்கும் 'டொமைன் யூசர்ஸ்' குழுவுக்கு ரீட் அனுமதி அப்படியே இருந்தது. ரீசெட் செய்ததும் போய்விட்டது. வேறு பிரிவில் இருக்கும் ஒருவரின் லாகினில் முழுப் பாதையையும் அடித்துப் பார்த்தோம், மறுக்கிறது. கூடவே, மற்ற ஃபோல்டர்களையும் பார்த்ததில் மூன்றில் அந்த எஸ்-1-5-21 எண்கள் கிடக்கின்றன. சம்பளப் பட்டியலை முடித்துவிட்டு வெள்ளிக்கிழமை அவற்றை எடுக்கப் போகிறேன்.