கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

ஈசூன் டீச்சர்:

வணக்கம். சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு மாணவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். பள்ளி விட்டதும் தொடக்கநிலைப் பிள்ளைகள் நேரே எங்களிடம் வந்துவிடுவார்கள். அப்பா அம்மா வேலை முடிந்து வந்து கூட்டிப்போகும்வரை சாப்பாடு, வீட்டுப்பாடம், விளையாட்டு எல்லாம் எங்கள் பொறுப்பு. அடிதடி, பிடுங்கல், பட்டப்பெயர், ஒரு பிள்ளையை மட்டும் ஆட்டத்தில் சேர்க்காமல் ஒதுக்குவது, கூசாமல் பொய் சொல்வது என்று பார்க்காத நாள் இல்லை. பெற்றோர் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "இதையெல்லாம் இவன் எங்க டீச்சர் கத்துக்கிறான்?"

நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது: இப்படிச் செய்வதால் அவனுக்கு என்ன கிடைக்கிறது? அதைக் கண்டுபிடிக்காமல் திட்டியும் பயனில்லை, கெஞ்சியும் பயனில்லை.

ஒரு பையனைச் சொல்கிறேன். தொடக்கநிலை 3. வீட்டுப்பாட நேரம் வந்தால் பென்சில் முனையை மேசையில் அழுத்தி முறிப்பான். சீவிக் கொடுத்தால் மறுபடி முறிப்பான். அடுத்து, முன்னால் இருக்கும் பிள்ளையின் நாற்காலியை உதைப்பான். அவள் திரும்பி முறைத்தால் அவள் புத்தகத்தில் கிறுக்குவான். இப்படிச் செய்கிறவர்களை எழுப்பி வெளியே காலணி அடுக்குப் பக்கம் நிற்க வைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. இவன் அங்கே போய்ச் சமர்த்தாக நிற்பான். சும்மா நிற்காமல் எல்லாருடைய காலணிகளையும் ஜோடி சேர்த்து வரிசையாக அடுக்கி வைப்பான். 'வெளியே விட்டால் நல்ல பையன், உள்ளே வந்தால் முரடன்' என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

எந்தப் பாடத்தின்போது முறிக்கிறான் என்று குறித்துவைக்க ஆரம்பித்தேன். தமிழ்ப் பயிற்சியின்போது இல்லை. கூட்டல், பெருக்கல் தாளின்போதும் இல்லை. கணக்கை ஆங்கிலத்தில் கதையாகக் கொடுக்கும் தாள் வந்தால் மட்டும்தான். அவனுக்குக் கணக்கு வரும், அந்த நான்கு வரி ஆங்கிலம் ஓடவில்லை. திணறுவது பக்கத்துப் பிள்ளைக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று நாற்காலியை உதைத்திருக்கிறான். உதைத்தால் வெளியே அனுப்புவோம், தாளிலிருந்து தப்பிக்கலாம். நாம் தண்டனை என்று நினைத்தது அவனுக்கு விடுதலை.

பிறகு இரண்டு காரியம் செய்தேன். முதல் கணக்கை அவனோடு உட்கார்ந்து மெல்ல வாசித்துப் பிரித்துக் காட்டினேன். தெரியவில்லை என்றால் அழிப்பானை மேசை ஓரத்தில் நிமிர்த்தி வைத்தால் போதும், நானே வருகிறேன் என்றும் சொல்லிவைத்தேன். வாய் திறந்து கேட்க அவனுக்கு வெட்கம். அழிப்பானை நிமிர்த்த வெட்கமில்லை. உதைப்பது அடியோடு நின்றுவிடவில்லை, ஆனால் மிகவும் குறைந்துவிட்டது. அந்தப் பெண்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கவும் வைத்தேன். காரணம் புரிந்தது என்பதற்காக அவள் பட்ட தொல்லை இல்லாமல் போய்விடாது.

உங்கள் வீட்டில், பக்கத்தில் பார்த்ததை எழுதுங்கள்.

தோ பாயோ தாத்தா:

டீச்சர், நீங்கள் சொன்னது காப்பிக்கடையில் தினமும் நடக்கிறது. உணவுக்குக் காத்திருக்கும்போது பிள்ளை சிணுங்கும். "சும்மா இரு" என்பார்கள். கொஞ்சம் சத்தம் கூடும். "கைப்பேசி கிடையாது" என்பார்கள். தட்டைத் தட்டிக் கத்தும். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். உடனே கைப்பேசி கைக்கு வந்துவிடும், சத்தமும் நின்றுவிடும்.

என் மகள் வீட்டில் பேரனுக்கு நாலு வயது. அவன் விஷயத்தில் பெரிய சிக்கல், ஆளுக்கொரு சட்டம். அம்மா மாட்டேன் என்றால் பாட்டியிடம் ஓடுவான். பாட்டி தயங்கினால் பணிப்பெண்ணிடம். அந்தப் பெண் பாவம், முதலாளி வீட்டுப் பையன் அழுதால் தனக்குக் கெட்ட பெயர் என்று பயந்து எதையும் கொடுத்துவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம்: சாப்பாட்டு மேசையில் யாருக்கும் கைப்பேசி இல்லை, என்னையும் சேர்த்து. பணிப்பெண்ணையும் உட்கார வைத்து, "அவன் அழுதால் உன்மேல் யாரும் கோபிக்க மாட்டோம்" என்று மகள் தெளிவாகச் சொன்னாள். அதுதான் ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன்.

முதல் சில நாள் முன்னைவிட மோசமாகக் கத்தினான். தரையில் புரண்டான். என் மனைவி அழுதேவிட்டாள். விடவில்லை. பிறகு தானாக அடங்கியது. இப்போது மேசையில் உட்கார்ந்து கடையில் தொங்கும் படங்களைப் பார்த்து, "தாத்தா, அந்த மீனுக்கு ஏன் கண்ணு இருக்கு?" என்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

ஒரு கேள்வி. எங்கள் காலத்தில் பலசரக்குக் கடை வாசலில் வண்ணப் பிடி போட்ட ரோத்தான் (பிரம்பு) கட்டுக்கட்டாகத் தொங்கும். வீட்டுக்கு வீடு ஒன்று இருக்கும். அதைக் கண்டே அடங்கினோம். இப்போது அது கூடாது என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

ஈசூன் டீச்சர்:

தாத்தா, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் வீடுகளுக்கே ஆள் அனுப்பி, பெற்றோரும் பிள்ளையும் பேசுவதை அப்படியே குறிக்க வைத்தார். 1982இல் அவர் விரித்து எழுதியது நீங்கள் காப்பிக்கடையில் பார்த்ததைத்தான். பிள்ளை கத்துகிறான், பெரியவர் விட்டுக்கொடுக்கிறார். கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை படிக்கிறான். விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று பெரியவரும் படிக்கிறார். இரண்டு பேருக்கும் அந்த நேரத்துக்கு லாபம் இருப்பதால் அது மறுநாளும் நடக்கிறது. நாளாக ஆக சத்தத்தின் அளவு ஏறிக்கொண்டே போகிறது. வீட்டில் பலித்ததைப் பிள்ளை பள்ளியிலும் செய்து பார்ப்பான், அங்கே நண்பர்களை இழப்பான்.

விட்டுக்கொடுப்பதை நிறுத்தினால் முதலில் அதிகமாகும் என்று நீங்கள் எழுதியது எல்லாரும் மனத்தில் வைக்க வேண்டிய விஷயம். பழைய வழி ஏன் வேலை செய்யவில்லை என்று பிள்ளை இன்னும் பலமாக முயன்று பார்க்கிறான். பலர் அங்கேதான் மனம் தளர்ந்து கொடுத்துவிடுகிறார்கள். உச்சத்தில் கொடுத்தால், அந்த உச்சம் வரை கத்த வேண்டும் என்று கற்றுக்கொள்வான். உங்கள் வீட்டில் தாக்குப்பிடித்தது பெரிய விஷயம். பாட்டியிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ரோத்தான் பற்றி: எலிசபெத் கெர்ஷாஃப் என்பவரும் சக ஆய்வாளரும் 75 ஆய்வுகளைத் தொகுத்து, ஏறத்தாழ 160,000 பிள்ளைகளைப் பற்றிய தகவலை 2016இல் வெளியிட்டார்கள். அதில் பார்த்தது பிள்ளையைக் கையால் அடிக்கும் சாதாரண அடியைத்தான், பிரம்பு போன்ற கடுமையானவற்றை அல்ல. அதற்கே, அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனப்பிரச்சினையும் கூடுதலாகக் காணப்பட்டன. நல்ல நடத்தை கூடியதாகத் தெரியவில்லை. அடித்தால் அப்போதைக்கு அடங்குவான், மறுக்கவில்லை. ஆனால் பெரியவன் சின்னவனை அடித்துக் காரியம் சாதிக்கலாம் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறான். எங்கள் நிலையத்தில் சின்னப் பிள்ளைகளை அடிக்கும் பிள்ளைகளிடம் தனியாகப் பேசினால், "வீட்ல அண்ணன் அடிப்பான்", "அப்பா அடிப்பாரு" என்பது பல தடவை வெளிவரும். என் கருத்து கேட்டீர்கள்: ரோத்தான் வேண்டாம்.

செங்காங் அம்மா:

என் மகள் தொடக்கநிலை 5. யாரையும் அடிக்க மாட்டாள், ஆசிரியர்களிடம் நல்ல பெயர். தமிழ் வகுப்பில் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த ஒரு பிள்ளை சேர்ந்தாள். அவள் ஆங்கிலம் பேசும் விதத்தை இரண்டு பிள்ளைகள் அப்படியே பேசிக்காட்டுவார்களாம். அவள் பேசியதைப் பதிவுசெய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். அவள் மட்டும் அந்தக் குழுவில் இல்லை. மகளின் கைப்பேசியில் பார்த்தேன். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள், அதில் ஒன்று என் மகளுடையது.

"நான் எதுவும் செய்யலம்மா, சிரிச்சேன் அவ்ளோதான்" என்றாள்.

எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. என் பெற்றோரும் ஒரு காலத்தில் இங்கே வந்து இப்படிப் பேச்சு வாங்கியவர்கள்தான். அதையெல்லாம் அப்போது இழுக்கவில்லை. "அந்தச் சிரிப்பு இல்லன்னா அவங்க அடுத்த பதிவு போட்டிருப்பாங்களா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போட்டிருக்க மாட்டாங்க" என்றாள்.

கூட்டத்தை எதிர்த்துச் சண்டை போடு என்று சொன்னால் பதினொரு வயதுப் பிள்ளையால் முடியாது. அதனால் சின்னதாக ஒன்று செய்யச் சொன்னேன்: அந்தப் பதிவுக்குச் சிரிக்காதே, நாளை இடைவேளையில் அவள் பக்கத்தில் போய் உட்கார். போனாள். கூடவே இன்னொரு பிள்ளையும் போயிருக்கிறாள். பள்ளியிடமும் சொன்னேன், பதிவு போட்டவர்களைக் காட்டிக்கொடுக்க அல்ல, அந்தப் பிள்ளை தனியாக இருக்கிறாள் என்பது தெரிய வேண்டும் என்று. ஆசிரியர் குழுவேலைக்கு இருக்கைகளை மாற்றி அமைத்தார்.

ஒதுக்குவதும் ஒரு வகை அடிதான். காயம் தெரியாததால் பெரியவர்கள் கண்ணில் படுவதில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா சொன்னது மிகச் சரி. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சல்மிவாலி குழுவினர் பள்ளிகளில் கேலி, கொடுமைகளைத் தடுக்க உருவாக்கிய 'கிவா' திட்டம் இந்த எண்ணத்தின்மேல்தான் நிற்கிறது. கேலி செய்பவனுக்குச் சம்பளம் கொடுப்பது சுற்றி நிற்பவர்களின் சிரிப்பு. பார்ப்பவர்களை மாற்றினால் கேலி செய்பவனுக்கு ஊக்கம் குறையும்.

நான் பார்த்த ஒன்று. உணவகத்தில் இடைவேளைக் கூட்டம். ஒரு பையனின் வெள்ளைக் காலணியை இன்னொருவன் மிதித்துவிட்டான். மிதிபட்டவன் சட்டென்று தண்ணீர்ப் போத்தலை ஓங்கிவிட்டான். இருவரையும் ஓரமாக அழைத்துப்போய், ஓங்கியவனிடம், "அவன் கையில என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன். "தெரியாது" என்றான். மிதித்தவன் கையில் விளிம்புவரை நிரம்பிய மீ சூப் (நூடுல்ஸ் சூப்) கிண்ணம். குழம்பு கொட்டிவிடாமல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறான், கீழே எங்கே பார்ப்பான்? அந்தக் கிண்ணம் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. காட்டினேன். ஓங்கியவன் அப்போதுதான் அதைப் பார்த்தான்.

அமெரிக்க உளவியலாளர் கென்னத் டாட்ஜ் 1980இல் வெளியிட்ட ஆய்வில் இதையே காட்டினார். நடந்தது தற்செயலா வேண்டுமென்றா என்று தெளிவாகத் தெரியாதபோது, முரட்டுப் பிள்ளைகள் 'வேண்டுமென்றே செய்தான்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பையனோடு இதை ஒரு விளையாட்டாக வைத்துக்கொண்டேன். யாராவது இடித்தால், வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று இரண்டு சொல்ல வேண்டும். "அவசரமா கழிவறைக்குப் போறான் சார்", "கண்ணாடி போடல சார்". சொல்லச் சொல்ல வேகம் தணிந்தது.

இரவுப் பணி அப்பா:

சுருக்கமாக. என் மகன் பள்ளி வேனில் தினமும் சண்டை. ஓட்டுநர் புகார் மேல் புகார். இரவு பதினொன்றரைக்குத் தூங்கி, காலை ஆறுக்கு எழுந்துகொண்டிருந்தான். துணைப்பாட வகுப்பு முடிந்து வந்து விளையாட்டுக் காணொளி. ஒன்பதரைக்குள் படுக்கை என்று ஆக்கி, துணைப்பாடத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றினோம். திரைக்கு, கல்வி சாராதது ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் என்று இங்கே 7 முதல் 12 வயதுக்குச் சொல்லும் அளவை வைத்துக்கொண்டோம். புகார் குறைந்துவிட்டது. எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் செலவில்லாமல் முதலில் பார்க்கக்கூடியது தூக்கம்.

புது அம்மா, பொங்கோல்:

என் மகளுக்கு இரண்டரை வயது. பாலர் பள்ளியில் மற்ற பிள்ளைகளைக் கடிக்கிறாள். இரண்டு பெற்றோர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். "நீங்க வீட்ல எப்படி வளர்க்கறீங்க" என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். வீட்டில் யாரும் அடிப்பதில்லை, கத்துவதும் இல்லை. அவள் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை. இப்படியே வளர்ந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது அக்கா.

ஈசூன் டீச்சர்:

தங்கச்சி, முதலில் அழாதீர்கள். கனடாவில் ரிச்சர்ட் ட்ரம்ப்ளே குழுவினர் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். அடிப்பது, கடிப்பது, தள்ளுவது பெரும்பாலான பிள்ளைகளிடம் இரண்டு மூன்று வயதில்தான் உச்சம். அதற்குப் பிறகு குறைந்துகொண்டே வருகிறது. அடிக்க யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அடிக்காமல் கேட்பதைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே உங்கள் வளர்ப்பைக் குறை சொன்னவர் பேச்சை விட்டுவிடுங்கள்.

கடிக்க வரும்போது தோளைப் பிடித்துத் தடுத்து, "கடிக்கக் கூடாது, வலிக்கும்" என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். உடனே கடிபட்ட பிள்ளையைக் கவனியுங்கள், உங்கள் மகளிடம் நீண்ட பேச்சு வேண்டாம். பிறகு அவளுக்குத் தேவையான வார்த்தையைக் கொடுங்கள்: "தா", "என் முறை". வார்த்தை வராவிட்டால் கையை நீட்டிக் கேட்கப் பழக்குங்கள். கடிக்காமல் கை நீட்டிய அந்த நொடியிலேயே, "கை நீட்டிக் கேட்டே, நல்ல பிள்ளை" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். பாலர் பள்ளி ஆசிரியரும் இதே வார்த்தைகளைச் சொல்லட்டும்.

ஆனால் இரண்டரை வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை என்பதைக் காத்திருந்து பார்க்காதீர்கள். காது சரியாகக் கேட்காவிட்டாலும் பேச்சு தள்ளிப்போகும், பேச முடியாத பிள்ளை கடிக்கும். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சொன்னால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் பிள்ளை வளர்ச்சிப் பிரிவுக்குப் பரிந்துரைக்கலாம். பெரிய பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் பள்ளி ஆலோசகரிடம் தொடங்கலாம், தேவைப்பட்டால் அவர் வழியாக பள்ளிப் பிள்ளைகளின் மனநலத்துக்கு உதவும், மனநலக் கழகத்தின் 'ரீச்' குழு வரை போகலாம். தமிழில் பேச வேண்டும் என்றால் பீட்டி ரோட்டில் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) இருக்கிறது.

போவதற்கு முன் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்குக் கடித்தாள், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, கடித்த பின் என்ன கிடைத்தது. பாலர் பள்ளி ஆசிரியரிடமும் அதே தாளைக் கொடுத்து எழுதி வாங்குங்கள். டாக்டர் உங்களிடம் கேட்கப்போவதும் அதையேதான்.