முட்டைக்குள் ஒரு புழு: கோழிகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்த அனுபவங்கள்

வணக்கம். வீட்டில் முட்டைக்கோழி வைத்திருப்பவர்கள் குடற்புழுவால் பட்ட பாட்டை இங்கே எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

போன ஐப்பசி மாதம் பையனுக்கு ஆம்லெட் போட முட்டையை உடைத்தேன். வெள்ளைக்கருவுக்குள் நூல்துண்டு போல ஒன்று. கரண்டியால் எடுத்துப் பார்த்தால் இரண்டு அங்குல நீளத்தில் வெள்ளைப்புழு, இரண்டு முனையும் கூராக இருந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் இருந்த முட்டை எல்லாவற்றையும் கொட்டச் சொல்லிவிட்டார்.

எங்களிடம் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி இனத்தில் 14 பெட்டைகள். தினம் ஆறேழு முட்டை கிடைத்த இடத்தில் இரண்டுதான் வந்துகொண்டிருந்தது. மழைக்காலம், இறகு உதிர்க்கிறது, அதனால்தான் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். அன்றுதான் ஒரு பெட்டையைப் பிடித்து நெஞ்சைத் தடவிப் பார்த்தேன். நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி கையில் குத்தியது. கொண்டை வெளிறிப் போயிருந்தது. இறகு மூடியிருப்பதால் கோழி இளைப்பது கண்ணுக்குத் தெரிவதே இல்லை. மாதம் ஒரு தடவையாவது கையில் பிடித்துப் பாருங்கள்.

விடிந்ததும் மூன்று நான்கு கோழிகளின் புது எச்சத்தை மாத்திரை டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். உப்புக்கரைசலில் கலக்கி, மேலே மிதந்ததை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, உருளைப்புழு முட்டைகள் நிறைய இருக்கின்றன என்றார் டாக்டரம்மா. இந்தப் புழு இருப்பது சிறுகுடலில். எண்ணிக்கை கூடிப்போனால் ஒன்றிரண்டு கீழே இறங்கி, எச்சம் வரும் வாயிலிருந்து முட்டைக்குழாய்க்குள் ஏறிவிடும். அப்புறம் ஓடு மூடும்போது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மனிதர் வயிற்றில் இது வளராது என்று அவர் சொன்ன பிறகுதான் அத்தைக்கு உயிர் வந்தது.

அல்பெண்டசோல் எழுதிக் கொடுத்தார். கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கு. நான் வாங்கிய மருந்தில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம் இருந்தது, ஆகவே ஒன்றரைக் கிலோ பெட்டைக்கு 0.6 மில்லி. பாட்டிலுக்குப் பாட்டில் அளவு மாறும், லேபிளைப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். இது தண்ணீரில் கரையாமல் அடியில் தங்கிவிடும் என்பதால், இருட்டிய பிறகு கோழிகள் அடைந்திருக்கும்போது ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசியில்லாத சிரிஞ்சில் கொடுத்தோம். நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுத்துளை இருக்கிறது. அதனால் அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மறுநாள் எச்சத்தோடு விழுந்த புழுக்களை மற்ற கோழிகள் கொத்துவதற்குள் கூட்டி அள்ளிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். மூன்று வாரம் கழித்து இரண்டாவது தடவை கொடுத்தோம். ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா சொன்னபடி 10 நாள் முட்டையைச் சாப்பிடவும் இல்லை, விற்கவும் இல்லை.

முட்டை கூடியது. ஆனால் தை முடிவதற்குள் மறுபடியும் குறைந்தது. எச்சத்தைக் காட்டினால் அதே உருளைப்புழு. மருந்து சரியில்லையோ என்றுதான் முதலில் நினைத்தேன். தப்பு மருந்தில் இல்லை, எங்கள் குழாயடியில் இருந்தது. பாத்திரம் கழுவும் தண்ணீர் தேங்கி எப்போதும் ஈரமாக இருக்கும் இடம், கொய்யா மர நிழல் வேறு. கோழிகள் நாள் முழுக்க அங்கேதான் கிளறும். எச்சத்தோடு விழும் புழு முட்டை இப்படி ஈரமும் சூடும் உள்ள மண்ணில் இரண்டு மூன்று வாரத்தில் பக்குவமாகிவிடும். கோழி அதைக் கொத்தித் தின்றால் ஐந்தாறு வாரத்தில் உள்ளே பெரிய புழு. மண்ணில் அது மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். நான் வயிற்றைச் சுத்தம் செய்து, அழுக்கு மண்ணிலேயே திரும்ப விட்டிருக்கிறேன்.

அப்புறம் குழாயடி மேல்மண்ணை அரை அடிக்கு வெட்டி எடுத்தோம். தண்ணீர் தென்னைக்குப் போக வாய்க்கால் வெட்டி, அந்த இடத்துக்குச் சுண்ணாம்பு தூவி வலை கட்டினோம். கொய்யாவின் தாழ்ந்த கிளைகளைக் கழித்ததில் வெயில் விழுகிறது. தண்ணீர்க் குவளையைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தொங்கவிட்டோம். கூட்டுக்குள் உமியை வாரம் இரண்டு தடவை கிளறி, நனைந்ததை அப்போதே அள்ளிவிடுகிறோம். இப்போது ஆடி மாதம், இதுவரை முட்டை குறையவில்லை.

பதில்

அக்கா, எங்களுக்கு வந்தது வேறு புழு. எச்சத்தின் மேல் அரிசிக் குருணை போல ஒட்டியிருந்தது. உற்றுப் பார்த்தால் நெளிந்தது. கடையில் புழு மருந்து என்று கேட்டதும் பைபரசின் கொடுத்தார்கள். இரண்டு தடவை தண்ணீரில் கலந்து கொடுத்தும் குருணை நிற்கவே இல்லை. செத்த பெட்டை ஒன்றை அறுத்துப் பார்த்த டாக்டர், குடல் சுவரில் இருந்த சின்னச் சின்ன முடிச்சுகளைக் காட்டி நாடாப்புழு என்றார். பைபரசின் பெரிய உருளைப்புழுவுக்கு மட்டும்தான் கேட்குமாம். பிராசிகுவாண்டல் கொடுத்த பிறகுதான் தீர்ந்தது. எச்சத்தை முதலிலேயே காட்டியிருந்தால் அந்தப் பெட்டை பிழைத்திருக்கும், இன்னும் மனசு ஆறவில்லை.

நாடாப்புழு நேராகக் கோழிக்குக் கோழி தொற்றாது. நடுவில் எறும்போ வண்டோ ஈயோ வேண்டும். எங்கள் கூடு எருக்குழியை ஒட்டி இருந்தது, சிந்திய கம்பில் எப்போதும் எறும்பு மொய்க்கும். கூட்டை அங்கிருந்து நகர்த்தினோம். தீவனத் தட்டை மாலையில் எடுத்துக் கழுவி வைக்கிறோம்.

பதில்

நான் பாகற்காய், வேப்பிலை, மஞ்சள், பூண்டு அரைத்து உருண்டை பிடித்து மாதாமாதம் கொடுப்பவன். இன்னும் கொடுக்கிறேன், நிறுத்தவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி இருந்தபோது, மூன்று மாதக் குஞ்சு ஒன்றின் குடலில் புழு பந்தாக அடைத்துச் செத்தது. வளர்ந்த கோழி ஓரளவு தாங்கும், குஞ்சு தாங்காது. இளைத்துப்போன கோழிக்கு மருந்து கொடுத்துவிடுங்கள். பச்சிலை உருண்டையை அதற்கு மேல் வைத்துக்கொள்ளலாம். முருங்கைக்கீரை, அகத்தி ஏதாவது தினமும் போடுங்கள். வைட்டமின் ஏ குறைந்த கோழியை இந்தப் புழு கூடுதலாகப் பிடிக்கும்.

இப்போது குஞ்சுகளுக்கு ஏழாவது வாரம் பூச்சி மருந்து, எட்டாவது வாரம் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி. புழுவோடு இருக்கும் குஞ்சுக்கு ஊசி போட்டால் சரியாகப் பிடிக்காது என்று எங்கள் மருந்தகத்தில் சொன்னார்கள். பெரிய கோழிகளுக்கும் பிப்ரவரியில் நடக்கும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு ஒரு வாரம் முன்னால் பூச்சி மருந்து கொடுத்துவிடுகிறேன்.

பதில்

அண்ணா, சந்தையில் வாங்கிய கோழியை எத்தனை நாள் தனியாக வைக்கிறீர்கள்? இரண்டு பெட்டை நாளை வருகிறது.

பதில்

மூன்று வாரம் தம்பி. வந்ததும் எச்சத்தைக் காட்டி மருந்து கொடுங்கள். அது நிற்கும் இடத்து எச்சத்தைத் தினம் அள்ளுங்கள், அதே முறத்தைப் பழைய கூட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.