பைலட் படிப்புக்குப் பணம் சேர்க்க எந்த வேலை? ராமநாதபுரம் கரையோர அனுபவப் பகிர்வு (பேசுகிறவர்கள் அவரவர் ஊர்ப் பெயரில்)

மண்டபம்:
பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் எடுத்து முடித்திருக்கிறேன். வயது 18. வீட்டுச் சொத்து என்றால் ஒரு நாட்டுப்படகும் ஓட்டு வீடும்தான். நாலைந்து வருடம் நல்ல சம்பளத்துக்கு உழைத்துவிட்டு பைலட் பயிற்சிக்குப் போகலாம் என்று எண்ணம். எந்த வேலையில் காசு சீக்கிரம் சேரும்? விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

உச்சிப்புளி:
தம்பி, வேலை தேடுவதற்கு முன்னால் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு) கேட்கும் கிளாஸ் 2 மெடிக்கலை, அதாவது பைலட்டுக்கான உடல் தகுதிச் சோதனையை முடி. அங்கீகாரம் பெற்ற மருத்துவர்கள் பட்டியல் டிஜிசிஏ தளத்திலேயே இருக்கிறது. கண், காது, இசிஜி, எக்ஸ்ரே, ரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். கண்ணாடி போட்டிருந்தால் பயமில்லை. புள்ளிப் படத்தில் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் நிறக்குருட்டுச் சோதனையில்தான் பல பேர் ஆட்டம் முடிகிறது. ஐந்து வருடம் உழைத்துச் சேர்த்த பிறகு அது தெரியவருவதைவிட இன்றைக்கே தெரிவது மேல். கிளாஸ் 2 கிடைத்ததும் கிளாஸ் 1-க்கும் போய்விடு, வணிக உரிமத்துக்கு அதுதான் வேண்டும்.

அடுத்தது கணக்கு. உத்தரப் பிரதேசம் ஃபர்சத்கஞ்சில் இருக்கும் அரசின் பைலட் பயிற்சி நிறுவனமான இக்ருவாவில் கட்டணம் சுமார் 45 லட்சம். வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வகுத்துப் பார், ஒரு மணிக்கு 22,500 ரூபாய். தங்குமிடம், சாப்பாடு, தேர்வுச் செலவு தனி. உரிமம் வாங்கியதும் ஏர்பஸ் ஓட்டிவிட முடியாது. அதற்கு டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்துக்கான தனிப் பயிற்சி வேண்டும், அது இன்னும் பத்துப் பதினைந்து லட்சம்.

இதில் பலரும் கோட்டைவிடும் விதி ஒன்று இருக்கிறது. அந்த 200 மணி நேரமும் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து வருடத்துக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். கையில் பத்து லட்சம் சேர்ந்ததும் ஆசையில் போய் நாற்பது மணி நேரம் பறந்துவிட்டு, காசு தீர்ந்ததும் மறுபடி கப்பலுக்கோ வளைகுடாவுக்கோ போனால், திரும்பி வருவதற்குள் அந்த நாற்பதும் காலாவதி. முழுத் தொகைக்கும் வழி தெரிந்த பிறகுதான் முதல் மணி நேரத்தைத் தொட வேண்டும்.

கீழக்கரை:
கப்பல் பக்கம் சொல்கிறேன். பத்தாவதில் அறிவியல், கணிதம், ஆங்கிலம் இருந்தால் ஜிபி ரேட்டிங், அதாவது அதிகாரி அல்லாத மாலுமிக்கான பயிற்சியில் சேரலாம், வயது 17½ முதல் 25 வரை. டிஜி ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம்) அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் ஆறு மாதப் பயிற்சி. ஐஎன்டிஓஎஸ் எண் (மாலுமிப் பதிவு எண்), சிடிசி (கப்பல் பணிப் பதிவேடு), அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிகள் எல்லாம் சேர்ந்தால்தான் கப்பல் ஏற முடியும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு அனுபவமுள்ள ஏபி மாலுமிக்கு வைத்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 2025-இல் மாதம் 673 டாலர், ஓவர்டைம் தனி. புதிதாக ஏறுகிற டிரெய்னிக்கு அது வராது, குறைச்சல்தான். ஆனால் சாப்பாடும் படுக்கையும் கப்பலோடு. டீக்கடையும் கிடையாது, பைக் தவணையும் கிடையாது. மிச்சம் அங்கேதான்.

ஒரு நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்து, வெளிநாட்டு ஓட்டத்துக் கப்பல் சம்பளம் என்ஆர்இ கணக்குக்கு (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) வந்தால் அதற்கு இங்கே வரி இல்லை. நாளை எண்ணுவது பாஸ்போர்ட் முத்திரையையும் சிடிசி பதிவையும் வைத்துத்தான். மார்ச் மாதக் கடைசியில் இறங்கலாமா, ஏப்ரலில் இறங்கலாமா என்று மாலுமிகள் மண்டையை உடைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

ஏமாற்று எங்கே நடக்கிறது தெரியுமா? ‘மூன்று லட்சம் கொடு, பனாமா சிடிசி போட்டுத் தருகிறேன், பயிற்சியே வேண்டாம்’ என்று வருவான். கொண்டுபோய் வளைகுடாவில் பதிவு கூடச் சரியில்லாத சின்னக் கப்பலில் ஏற்றிவிடுவான். சம்பளமும் வராது, இறங்கவும் முடியாது. ஆர்பிஎஸ்எல் உரிமம், அதாவது மாலுமிகளை வேலைக்கு எடுக்கும் அரசு உரிமம் இருக்கிற நிறுவனம் வேலைக்காக மாலுமியிடம் காசு வாங்கவே கூடாது. டிஜி ஷிப்பிங் தளத்தில் உரிம எண்ணைத் தட்டிப் பார். கப்பலின் அடையாளமான ஐஎம்ஓ எண்ணைக் கேள். எண் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடு.

உனக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் சேர்த்து 60 சதவீதம் இருந்தால் ஐஎம்யு (இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம்) நுழைவுத் தேர்வு எழுதி டிஎன்எஸ் என்ற கப்பல் அதிகாரிப் படிப்புக்குப் போகலாம். ஒரு வருடப் படிப்பு, பிறகு கப்பலில் கேடட் (பயிற்சி அதிகாரி), தேர்வு எழுதினால் அதிகாரி. சம்பளம் ரேட்டிங்கைவிடப் பல மடங்கு. ஆனால் அந்தப் படிப்புக்கே லட்சக்கணக்கில் வேண்டும், அதிகாரி ஆக மூன்று வருடமாவது ஆகும். அப்படிப் போனவன் பெரும்பாலும் விமானத்தை மறந்துவிடுகிறான். கப்பல் சம்பளம் லேசில் விடாது.

பெரியபட்டினம்:
வளைகுடாவுக்கு ஹெல்பராகப் போனால் சேர்ப்பது கடினம். அங்கேயே கூலி கூடின வேலை பைப் வெல்டிங். 6ஜி என்ற கடினமான வெல்டிங் டெஸ்ட் பாஸ் ஆனவனுக்கு மதிப்பே வேறு. குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் மாட்டிவிடுவார்கள், வெல்டர்தான் சுற்றி வந்து அடிக்க வேண்டும். வழக்கமாக ஆறு அங்குலக் குழாய். விளிம்பை ஒவ்வொரு பக்கமும் 37½ டிகிரி சீவி, நடுவே 3 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி விட்டு, ரூட் ஓட்டம் (அடியில் போடும் முதல் பற்று) ஆர்கான் வாயு பாய்ச்சும் டிக் வெல்டிங்கில், மேல் ஓட்டங்கள் 7018 ரக வெல்டிங் குச்சியில்.

நம்ம ஊர்ப் பட்டறைகளில் பழகுகிறவர்கள் தோற்பது இரண்டு காரணத்தால். ஒன்று காற்று. கடற்காற்று ஆர்கானை அடித்துக்கொண்டு போய்விடும், உலோகத்தில் பொடி ஓட்டை விழும், எக்ஸ்ரேயில் அப்படியே தெரியும். மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டாமல் டிக் பழகாதே. இன்னொன்று ஈரம். 7018 குச்சி உப்புக் காற்றில் ஒரு ராத்திரி திறந்து கிடந்தாலே ஈரம் ஏறிவிடும். 300 டிகிரிக்கு மேல் சூளையில் காயவைத்து, சூடான பெட்டியில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். வெயிலில் காயவைத்தால் போதும் என்பது வெறும் பேச்சு. ராமநாதபுரம், பரமக்குடி அரசு ஐடிஐயில் வெல்டர் பிரிவு முடித்துவிட்டு, 6ஜி-க்குத் தனியாக மூன்று மாதம் கை பழகினால் போதும்.

ஏஜெண்ட் விஷயம்: பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். வெளிநாட்டு வேலைக்கான அரசின் இமைக்ரேட் தளத்தில் பெயர் இல்லாதவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதே. விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவன் பேச்சைக் கேட்காதே. ஒன்றரை லட்சம் கடன் வாங்கிக் கட்டிப் போனால் முதல் ஆறு மாதச் சம்பளம் வட்டிக்கே போகும்.

உச்சிப்புளி:
வெல்டிங்கோ எஞ்சின் ரூமோ, எதற்குப் போனாலும் இதைக் கேட்டுக்கொள். கிளாஸ் 1 மெடிக்கலில் காதை மெஷின் வைத்து அளப்பார்கள். 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் 35 டெசிபலுக்கு மேல், 3000-இல் 50-க்கு மேல் கேட்கும் திறன் குறைந்திருக்கக் கூடாது. கிரைண்டர் சத்தத்திலும் விசைப்படகு எஞ்சின் பக்கத்திலும் வெறும் காதோடு நாலு வருடம் நின்றவனுக்கு முதலில் அடிவாங்குவது மேல் ஸ்தாயிதான், பேச்சு நன்றாகக் கேட்பதால் அவனுக்கே தெரியாது. காது மூடியும் கிரைண்டிங் கண்ணாடியும் நீயே காசு போட்டு வாங்கு. கண்ணில் பொறி தெறித்துக் கருவிழியில் தழும்பு விழுந்தால் சேர்த்த காசு எதற்கும் ஆகாது.

தங்கச்சிமடம்:
படகுக்குப் போவதைப் பற்றி யாரும் பேசவில்லையே. பேசாமல் இருப்பதும் சரிதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். மிச்ச நாளிலும் ராமேசுவரத்தில் டோக்கன் வாங்கிப் போவது வாரத்தில் மூன்று நாள். பங்கு முறையில் டீசல், ஐஸ் கழித்துத்தான் கையில் வரும். அதைவிடப் பெரிய சிக்கல், எல்லை தாண்டினதாக இலங்கை கடற்படை பிடித்தால் அங்கே வழக்குப் பதிவாகும். வெளிநாடு போக நினைக்கிறவனுக்கு அந்தக் கறை வேண்டாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். ‘ஒரு ராத்திரி வேலை, பத்தாயிரம்’ என்று கூப்பிடுவார்கள். கடல் அட்டை மூட்டையாக இருக்கும், பீடி இலையாக இருக்கும், மஞ்சளாக இருக்கும். கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. குறைந்தது மூன்று வருடம் சிறை, ஏழு வரை போகலாம். தண்டனை வரை போக வேண்டியதில்லை, எஃப்ஐஆர் ஒன்று போதும். பாஸ்போர்ட், சிடிசி, விமான நிலைய நுழைவு அனுமதி எல்லாவற்றுக்கும் போலீஸ் சரிபார்ப்பு உண்டு.

மண்டபம்:
நன்றி அண்ணே. முப்படையில் நாலு வருட அக்னிவீர் வேலைக்குப் போனால் எவ்வளவு மிஞ்சும்? சம்பளம் குறைச்சல் என்கிறார்கள்.

உச்சிப்புளி:
சம்பளத்தைப் பார்க்காதே, மிச்சத்தைப் பார். முதல் வருடம் 30,000, பிறகு 33,000, 36,500, 40,000. இதில் 30 சதவீதம் பிடித்துக்கொண்டு, அதே அளவை அரசும் போடும். கைக்கு வருவது 21,000-இல் தொடங்கி 28,000 வரை. நாலு வருடத்தில் கைக்கு வருவது மொத்தம் 11 லட்சத்து 70 ஆயிரம் சொச்சம். முடிக்கும்போது சேவா நிதி, அதாவது பிடித்ததும் அரசு போட்டதும் சேர்ந்த தொகை, வட்டியோடு சுமார் 11.71 லட்சம், அதற்கு வருமான வரி கிடையாது. சாப்பாடு, உடுப்பு, தங்கல் அரசுடையது. மாதச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவைத்தால் 22 வயதில் கையில் 19 லட்சம் நிற்கும். விசாவுக்கு வாங்கிய கடனோடு போகிற ஹெல்பருக்கு இது நிற்பது சந்தேகம்தான். கடற்படைக்குக் கணிதம், இயற்பியல் கேட்பார்கள், உன்னிடம் இருக்கிறது. நாலு வருடத்துக்குள் நினைத்தபோது வெளியே வர முடியாது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

காசே இல்லாமல் பறக்கும் வழியையும் ஒதுக்கிவிடாதே. நம் ஊர்க் கடற்படை விமானத் தளமான பருந்திலிருந்து தினமும் நம் தலைக்கு மேல் போகிற டோர்னியர் விமானத்தை ஓட்டுகிறவர் 45 லட்சம் கட்டிப் படித்தவர் இல்லை. பிளஸ் டூ முடித்தவருக்கு என்டிஏ (முப்படை அதிகாரிப் பயிற்சிக் கழகம்), பட்டம் முடித்தால் கடலோரக் காவல்படை உதவி கமாண்டன்ட், எல்லாவற்றுக்கும் வயது வரம்பு இருக்கிறது. வேலைக்குப் போகும் முன் என்டிஏ ஒரு முறையாவது எழுதிப் பார்த்துவிடு.

தொண்டி:
வங்கிக் கடன் கணக்கு என்னுடைய பக்கம். டிஜிசிஏ அங்கீகரித்த பைலட் பயிற்சி கல்விக் கடனுக்குத் தகுதியான படிப்புதான், ‘இதற்குக் கடன் கிடையாது’ என்று மேலாளர் சொன்னால் வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தைக் காட்டலாம். ஆனால் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம் கேட்பார்கள். நம் கரையோரத்தில் கடன் நின்றுபோவது இந்த இடத்தில்தான். வீடு இருக்கும், பட்டா தாத்தா பெயரில் இருக்கும். இல்லாவிட்டால் கூட்டுப் பட்டா. சில இடங்களில் புறம்போக்கு. வங்கி வழக்கறிஞர் தாய்ப் பத்திரமும் முப்பது வருட வில்லங்கச் சான்றும் கேட்பார். வாரிசுச் சான்று, பாகப் பிரிவினை, உட்பிரிவு, தனிப் பட்டா என்று வரிசையாகச் செய்து முடிக்க ஒரு வருடம் ஆனாலும் ஆச்சரியமில்லை. நீ சம்பாதிக்கும் நாலு வருடத்தில் அப்பா செய்துவைக்க வேண்டிய வேலை இது. திரும்பி வந்த பிறகு ஆரம்பிக்காதே தம்பி.

எஸ்சி பிள்ளைகளுக்கு மெட்ரிக் பிந்தைய உதவித்தொகையில் வணிக பைலட் உரிமப் படிப்பும் பட்டியலில் உண்டு. சிறுபான்மையினர் டாம்கோவில் (தமிழக அரசின் சிறுபான்மையினர் கடன் கழகம்) கல்விக் கடன் விசாரிக்கலாம்.

பயிற்சி நிறுவனத்துக்கு மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டாதீர்கள். பறந்த மணிக்கு ஏற்பத் தவணை, பாதியில் நின்றால் பணத்தைத் திருப்பித் தரும் விதி, இரண்டும் எழுத்தில் வேண்டும். எத்தனை விமானம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்காமல், இன்றைக்கு எத்தனை பறக்கிறது என்று கேளுங்கள். 2025 அக்டோபரிலிருந்து டிஜிசிஏவே பயிற்சி நிறுவனங்களைத் தரம் பிரித்து வெளியிடுகிறது, அதையும் பாருங்கள்.

ஆர்.எஸ்.மங்கலம்:
ட்ரோன் பற்றி ஒரு வரி. 18 வயது, பத்தாவது தேர்ச்சி, ஒரு வாரப் பயிற்சியில் ரிமோட் பைலட் சான்றிதழ். நெல்லுக்கு மருந்தடிக்க ஏக்கருக்குக் கூலி. ஒரு பேட்டரி கால் மணி நேரம் கூடத் தாங்காது, நாலைந்து செட் இல்லாமல் வேலை ஓடாது. கண்மாய்ப் பாசனத்தில் பருவத்துக்கு மட்டும்தான் வேலை, அதனால் இதை மட்டும் நம்பாதே. கடற்படைத் தளம் இருக்கும் உச்சிப்புளி பக்கம், ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடம் பார்க்காமல் பறக்கவிட்டால் வம்பு. இந்த மணி நேரம் எதுவும் அந்த 200-இல் சேராது.

கீழக்கரை:
கடைசியாக ஒன்று, பெயர். பத்தாவது மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகக் குடும்பப் பெயராக, ஆதாரில் வேறு எழுத்து. சிடிசியில் பெயர் ஒரு மாதிரி வந்துவிடும், பிறகு டிஜிசிஏவில் தேர்வுக்கான கணினி எண் கேட்கும்போது சிக்கிக்கொள்ளும். முதலில் ஆதாரைப் பத்தாவது பட்டியலுக்கு ஒத்ததாக மாற்று, அதை வைத்து பாஸ்போர்ட், அதை வைத்து மற்றதெல்லாம்.