பிரையன் மேயின் சிவப்புக் கிட்டார்: கையில் எடுத்தவர்கள் கவனித்தவை

குவீன் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே பற்றிய பேச்சு பெரும்பாலும் 'போஹீமியன் ராப்சடி' பாடல் வந்த 1975இல் ஆரம்பித்து, 2007இல் அவர் வாங்கிய வானியற்பியல் முனைவர் பட்டத்தில் முடிந்துவிடுகிறது. அவருடைய 'ரெட் ஸ்பெஷல்' கிட்டாரின் நல்ல பிரதி ஒன்றைப் பத்து நிமிடம் வாசித்தவர்களுக்கு அதற்கும் முன்னால் போகத் தோன்றும். அந்த ஒலியில் பாதி, லண்டனின் மேற்குப் புறநகரான ஃபெல்தமில் ஒரு பள்ளி மாணவனும் அவன் அப்பாவும் சேர்ந்து 1963இல் தொடங்கிய மரவேலையில் இருக்கிறது.

அப்பா ஹரால்ட் மே மின்னணுவியல் தெரிந்த வரைவாளர். கடையில் தொங்கும் ஃபெண்டர் கிட்டாரை வாங்கக் கையில் பணமில்லை. செய்யத் தெரிந்த கைகள் இருந்தன. பழைய கணப்படுப்பு ஒன்றின் மஹோகனிச் சட்டம் நெக் (கிட்டாரின் கழுத்து) ஆனது. அதிலிருந்த பூச்சித் துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். விரல் வைக்கும் பலகையான ஃப்ரெட்போர்டு ஓக் மரம், மேலே கறுப்புப் பூச்சு. அடையாளப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். உடலின் நடுப்பகுதி ஓக்கும், மரத்துண்டுகளை ஒட்டிச் செய்த பிளாக்போர்டு (blockboard) பலகையும். உள்ளே வெற்றறைகள் விட்டு, மேலே மஹோகனி வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டியது. சுமார் இரண்டு வருட வேலை, சுமார் 8 பவுண்டு செலவு.

அந்த வெற்றறைகள் எடையைக் குறைக்க வைத்தவை அல்ல. ஆம்பின் (ஆம்ப்ளிஃபயரின்) ஒலிக்கு உடலும் சேர்ந்து அதிர வேண்டும், சுரம் அறுந்து போகாமல் நிற்க வேண்டும் என்று முதலிலேயே திட்டமிட்டதுதான். முழுக்கட்டையில் செய்த மலிவுப் பிரதிகளில் சுரம் நீளாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

*

அடுத்து ட்ரெமலோ, அதாவது கைப்பிடியை அழுத்திக் கம்பிகளின் சுருதியை அசைக்கும் அமைப்பு. அந்தக் கிட்டாரில் ஆகச் சிறந்த பொறியியல் அதுதான்.

எஃகுத் தகடு ஒன்று கத்திமுனை போன்ற விளிம்பில் நிற்கிறது. ஒரு பக்கம் கம்பிகள் இழுக்கின்றன. மறுபக்கம் 1928ஆம் வருடத்துப் பாந்தர் மோட்டார் சைக்கிளின் இரண்டு வால்வு ஸ்பிரிங்குகள் தாங்குகின்றன. கைப்பிடி, சைக்கிள் பையைத் தாங்கும் கம்பியிலிருந்து வந்தது; அதன் நுனி அம்மாவின் பின்னலூசி. இதைக் கதையாக எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் சுருதி கலைவதில்லை என்பதைத்தான் யாரும் விளக்குவதில்லை.

ட்ரெமலோவை அழுத்தி விட்டதும் சுருதி திரும்பாமல் போவதற்குக் காரணம் உராய்வு. கம்பி எங்கே தேய்ந்து சிக்குகிறதோ அங்கேயே கொஞ்சம் நின்றுவிடும். இவர்கள் உராய்வை ஒவ்வோர் இடமாகத் துரத்தியிருக்கிறார்கள். உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் கம்பிக்கு ஒன்றாகச் சிறு உருளைகள். மேலே, கழுத்தின் நுனியில், கம்பிகள் ஏறி நிற்கும் உலோகப் பட்டியான ஜீரோ ஃப்ரெட். அதற்குப் பின்னாலிருக்கும் நட் என்ற பள்ளமிட்ட துண்டு, கம்பி பக்கவாட்டில் விலகாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவே. அங்கிருந்து முறுக்காணி வரை கம்பி வளையாமல் நேராகப் போகிறது.

பிரதி வைத்திருப்பவர்கள் சுருதி நிற்கவில்லை என்றால் முறுக்காணியை மாற்ற ஓட வேண்டாம். முதலில் ஜீரோ ஃப்ரெட்டில் கம்பி பள்ளம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நட்டின் பள்ளங்கள்: அவை ஜீரோ ஃப்ரெட்டைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், கம்பியைப் பிடிக்கக் கூடாது. கம்பி, அங்குலத்தில் ஆயிரத்தில் 9 முதல் 42 பங்கு வரை தடிமன் உள்ள மெல்லிய செட். 10இல் தொடங்கும் செட்டுக்கு மாறினால் கம்பியின் இழுவை கூடி ட்ரெமலோ தகடு முன்பக்கம் சாயும். ஸ்பிரிங் போல்ட்டை இறுக்கி மறுபடி சமநிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் சுருதி சேர்க்க வேண்டும்.

*

கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப் விஷயத்தில் அப்பா, மகன் இருவரின் முதல் முயற்சி தோற்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காந்தம் வாங்கி, கம்பிச்சுருளைத் தாங்களே சுற்றினார்கள். ஒலி நன்றாகவே வந்தது. ஆனால் கம்பியை வளைத்து இழுக்கும்போது, காந்தங்களின் வட, தென் துருவங்களைக் குறுக்கே கடப்பதால் ஒரு வேண்டாத இரைச்சல் கூடவே வந்தது. வளைத்து வாசிப்பதே உயிராக இருப்பவருக்கு இது ஆகாது. அதனால் மே, பர்ன்ஸ் நிறுவனத்தின் ட்ரை-சோனிக் பிக்கப் மூன்று வாங்கினார். அவை அதிக ஒலியில் கீச்சிட்டன; உள்ளே சுருள் அசைவதுதான் காரணம். அரால்டைட் பசையை ஊற்றி இறுக்கியதும் நின்றது.

இப்போது கணக்கைப் பாருங்கள். கம்பியின் நீளம் 24 அங்குலம். ஃபெண்டரில் இது 25.5. நீளம் குறைந்தால் அதே சுருதிக்கு இழுவை குறையும், வளைப்பது எளிது. ஃப்ரெட்டுகள் 24, அதாவது முழு இரண்டு ஸ்தாயி. எனவே கடைசி ஃப்ரெட்டிலிருந்து பிரிட்ஜுக்கு 6 அங்குலம்தான் மிச்சம். அந்த 6 அங்குலத்துக்குள் மூன்று பிக்கப்பும் அடங்க வேண்டும். ஆகவே நெக் பிக்கப்கூட மற்ற கிட்டார்களைவிட பிரிட்ஜுக்கு நெருக்கம். அதனால் அதன் ஒலி மந்தமாவதில்லை. ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ட்ரை-சோனிக் மாட்டியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மூன்று பிக்கப்பும் தொடர் இணைப்பில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆன்/ஆஃப் சுவிட்ச் ஒன்று, அதன் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்ச் ஒன்று, ஆக ஆறு. தொடர் இணைப்பில் இரண்டைச் சேர்த்தால் சத்தம் கூடும், நடு அலைவரிசை தடிக்கும். பிரிட்ஜும் நடுவும் ஒரே ஃபேஸில் இருப்பதுதான் அவரது வழக்கமான அமைப்பு. 'போஹீமியன் ராப்சடி' தனி வாசிப்பு, நெக்கும் நடுவும் எதிர் ஃபேஸில். எதிர் ஃபேஸில் அடிச்சுரம் பெரும்பாலும் ஒன்றையொன்று தின்றுவிட, மேற்சுரங்கள் பாடும். ஆம்ப் நன்றாகத் திணறும் அளவுக்கு ஓட்டினால்தான் இது நிற்கும். குறைந்த ஒலியில் முயன்றால் சன்னமாக, மூக்கால் பேசுவது போலக் கேட்கும். கிட்டாரில் குறை இல்லை.

*

ஆம்ப் வாக்ஸ் ஏசி30, நார்மல் சேனல், வால்யூம் முழுக்க. அதற்கு முன்னால் ட்ரெபிள் பூஸ்டர். பூஸ்டர் என்ற பெயரைப் பார்த்து, கூர்மையைக் கூட்டும் கருவி என்று நினைத்துவிடுகிறோம். தடித்த ஒலி கொண்ட இந்தக் கிட்டாரை நேராக ஆம்பில் செருகித் திணறவிட்டால் கீழ்ச்சுரங்கள் குழம்பிவிடும். பூஸ்டர் அந்தக் கீழ்ப்பகுதியை ஏற்ற விடாமல் மேற்பகுதியை மட்டும் தள்ளுவதால் தெளிவு வருகிறது. சுத்தமான ஒலி வேண்டுமென்றால் ஆம்பைத் தொட வேண்டாம். கிட்டார் வால்யூமைக் குறைத்தால் போதும்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறுகள் இரண்டு. கிட்டாருக்கும் பூஸ்டருக்கும் நடுவே பஃபர் (சிக்னலைத் தாங்கி அனுப்பும் மின்சுற்று) உள்ள பெடலை வைத்தால், வால்யூமைக் குறைத்தாலும் ஒலி சுத்தமாகாது. பழைய ரேஞ்ச்மாஸ்டர் வகை ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் பூஸ்டர்களில் தரை இணைப்பு (கிரவுண்ட்) மின்சப்ளையின் நேர்முனையில் இருக்கும். அவற்றை மற்ற பெடல்களோடு ஒரே மின்சப்ளையில் கோர்த்தால் ஷார்ட் ஆகும். தனியாக 9 வோல்ட் பேட்டரி கொடுங்கள். ஜெர்மேனியத்தின் தன்மை சூட்டுக்கும் மாறும். சூடான மேடையில் ஒலி கரகரத்தால் அதையும் சந்தேகிக்கலாம்.

*

கம்பியை மீட்ட மே வைத்திருப்பது பிளாஸ்டிக் பிக்குக்குப் பதில் பழைய பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் நாணயம், விட்டம் சுமார் 19 மி.மீ. வளையாததால் கம்பியின் அசைவு முழுதும் விரலுக்குத் தெரியும். எஃகுக் கம்பியைவிட மென்மையான உலோகம் என்பதால் கம்பி அறுவதில்லை. சுற்றிலும் உள்ள வரிவிளிம்பைச் சாய்த்துப் பிடித்தால் சுரத்தின் தொடக்கத்தில் 'க்ர்' என்றொரு மெய்யெழுத்து கேட்கும். கம்பிக்கு இணையாகத் தட்டையாகப் பிடித்தால் அது மறையும். இறுக்கிப் பிடிக்கவே கூடாது.

ஃபெல்தம் பற்றி ஒன்று. ஸான்ஸிபாரிலிருந்து 1964இல் வந்த, பின்னாளில் குவீனின் பாடகரான ஃப்ரெடி மெர்குரியின் குடும்பம் குடியேறியதும் அங்கேதான். சில தெருக்கள் தள்ளி இந்தக் கிட்டார் உருவாகிக்கொண்டிருந்தது!

*

குவீனின் 'குட் கம்பெனி' பாடலில் கேட்கும் டிரம்பெட், கிளாரினெட் எல்லாம் இந்தக் கிட்டார்தான். ஆனால் ஏசி30 வழியாக அல்ல. குவீனில் பாஸ் கிட்டார் வாசித்தவரும் மின்னணுவியல் பட்டதாரியுமான ஜான் டீக்கன், குப்பைத்தொட்டியில் கிடைத்த சிறு டிரான்சிஸ்டர் சர்க்யூட்டை ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் பொருத்தினார். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் அதற்கு வால்யூம் குமிழ்கூடக் கிடையாது. பூஸ்டர் வழியாக அதைத் தள்ளி, ஒவ்வொரு வாத்தியத்தின் வரியையும் தனித்தனியாகப் பதிவுசெய்து அடுக்கினார் மே. இதைச் செய்து பார்ப்பவர்கள் பல சுரங்களை ஒரே நேரத்தில் (கார்டாக) வாசித்துவிடக் கூடாது. திணறும் ஆம்பில் இரண்டு சுரம் ஒன்றாக நுழைந்தால் மூன்றாவதாக ஒரு வேண்டாத சுரம் பிறக்கும். ஒரு பதிவுக்கு ஒரு சுரம், வரிக்கு வரி பிக்கப் அமைப்பு வேறு.