சோளக்காட்டுச் சொந்தங்கள்: ஞாயிறு யார் யார் வருகிறீர்கள்?

நான்: ஞாயிறு காலை 10 மணிக்கு முதலுதவிப் பயிற்சி. வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். சின்ன மாமா மிளகு ஏணியிலிருந்து விழுந்த அன்று பட்ட பாடு போதும்.

பெரியம்மா: இப்போது எப்படி இருக்கிறான் கண்ணு

நான்: இடுப்புக்கு மேலே ஒரு எலும்பு நொறுங்கியிருக்கிறது பெரியம்மா. கால் விரல் அசைகிறது.

பெரியம்மா: அறப்பளீஸ்வரா 🙏

திருப்பூர் தம்பி: அக்கா, ஞாயிறு பாப்பாவுக்குக் காதுகுத்து

சித்தப்பா: எனக்குப் பத்திரிகையே வரவில்லை

திருப்பூர் தம்பி: வாட்ஸ்அப்பில் அனுப்பினேனே

சித்தப்பா: அதற்குப் பேர் அழைப்பா

நான்: காதுகுத்து மதியம்தானே தம்பி, அதற்குள் முடித்துவிடலாம். எல்லோரும் இதைப் படியுங்கள். அன்று மாமாவைக் கம்பில் போர்வையால் டோலி கட்டித் தூக்கினோம். காய்ச்சல்காரருக்கு டோலி சரி, உயரத்திலிருந்து விழுந்தவருக்கு ஆகாது. போர்வை தொங்கும்போது முதுகு வளையும். உடைந்த எலும்பு தண்டுவடத்தை நசுக்கினால் இரண்டு காலும் போய்விடும். மூச்சு இருக்கிறதா பாருங்கள், 108-க்குச் சொல்லுங்கள், ஆளை அசைக்காதீர்கள். தூக்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு கதவைக் கழற்றுங்கள். ஒருவர் தலையையும் கழுத்தையும் இரு கையாலும் பிடித்துக்கொள்ள, மூன்று பேர் உடம்பை ஒரே கட்டையாகப் புரட்டிக் கதவில் கிடத்த வேண்டும். தலையைப் பிடித்தவர் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் புரட்ட வேண்டும். படித்தால் வராது, கையால் பழக வேண்டும்.

மச்சான்: யார் வீட்டுக் கதவு 😀

சித்தப்பா: அன்று தண்ணீர் கொடுத்தது நான்தான்

நான்: தெரியாமல்தானே கொடுத்தீர்கள் சித்தப்பா. இனி யாருக்கும் வேண்டாம். மயக்கத்தில் வாந்தி வந்தால் மூச்சுக்குழலில் போய்விடும்.

பெரியம்மா: அரிவாள் வெட்டுக்குக் காப்பித்தூள் வைக்கலாமா

நான்: கூடாது பெரியம்மா. சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்துங்கள். நனைந்தால் எடுக்காமல் அதன்மேலேயே இன்னொரு துணி. கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டு நிற்காவிட்டால் மட்டும், காயத்தின்மேல் அல்ல, காயத்துக்கும் உடம்புக்கும் இடையில் இறுக்கிக் கட்ட வேண்டும். கயிறு சதையை அறுக்கும், அகலத் துணிதான் வேண்டும். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள்.

பெரியம்மா: காப்பி கிலோ என்ன விலை போகிறது

மச்சான்: வியாபாரி சொல்வதுதான் விலை

மச்சான்: வளைவில் பைக்கில் விழுந்து கிடப்பவனைத் தூக்கினால் போலீஸ் நம்மைத்தானே பிடிக்கும்?

நான்: இல்லை மச்சான். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று ஒரு பிரிவே சேர்த்தார்கள். நல்ல மனதோடு உதவியவர்மீது வழக்கு வராது. பெயர் சொல்லவும் கட்டாயமில்லை. சாலை விபத்து என்றால் தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரம் பணம் கேட்கமாட்டார்கள். ஆனால் நம் கொல்லிமலையிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கவே 70 வளைவு. அதுவரை அந்த உயிர் நம் கையில்தான்.

சித்தப்பா: அன்று ஜீப் வாடகையும் என் கையிலிருந்துதான். ஒருவரும் கேட்கவில்லை

பெரியம்மா: தோட்டம் பிரித்த நாளிலிருந்து இவனுக்கு இதே பேச்சு

நான்: வாடகையை நான் தருகிறேன் சித்தப்பா. சமுதாயக்கூடத்துச் சாவி யாரிடம்?

சித்தப்பா: என்னிடம்தான். பத்திரிகை வரட்டும், பார்க்கலாம்

திருப்பூர் தம்பி: சனிக்கிழமை வெற்றிலை பாக்கோடு நேரில் வருகிறேன்

பெரியம்மா: மாட்டுக் கொட்டகையில் பழைய கதவு ஒன்று கிடக்கிறது, எடுத்துப் போங்கள்

நான்: இதுவரை 4 பேர். 10 பேராவது வேண்டும்.

மச்சான்: பத்திரிகையில் காதுகுத்து காலை 10.30 என்று போட்டிருக்கிறதே

நான்: தம்பி?