கதையில் சந்தித்த விசித்திரப் பிராணி, இன்னும் விடாமல் துரத்துவது: உங்கள் அனுபவம்?

வாசல்பல்லி:
பதினான்கு வயதில் படித்தது. புத்தகத்தின் பெயர் மறந்துவிட்டது, டிராகன் மட்டும் நினைவிருக்கிறது. ஆற்றைக் காவல் காக்கும் கிழட்டு டிராகன். ஆலைக் கழிவு கலந்த பிறகு அதன் வாயில் நெருப்புக்குப் பதில் இருமல்தான் வரும். நாயகி அதன் தொண்டைக்குள் தோள்வரை கையை விட்டு, சிக்கியிருக்கும் பிளாஸ்டிக் வலையை இழுக்கிறாள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பக்கத்தோடு மூடி வைத்ததுதான், திரும்பத் தொடவில்லை. முடிவு தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

குகைவாசி:
டிராகன் என்றால் எனக்கு ஓல்ம். ஸ்லோவேனியா குகைகளில் இருக்குமே, கண் தெரியாத வெளிறிய பிராணி, அதுதான். வெள்ளம் வெளியே அடித்து வரும்போது டிராகன் குட்டி என்றே மக்கள் நம்பியதை அந்த நாட்டு அறிஞர் வால்வசோர் 1689-லேயே எழுதிவைத்திருக்கிறார். அதை வைத்துப் பதின்வயதினருக்கு நாவல் எழுதினேன். சூனியக்காரி ஊற்றில் விஷம் கலக்கிறாள். அப்புறம்தான் அதே ஸ்லோவேனியாவின் க்ருபா ஆற்றைப் பற்றிப் படித்தேன். மின்தேக்கி ஆலைக் கழிவைப் பள்ளங்களில் கொட்ட, அதிலிருந்த பிசிபி என்ற நச்சு ரசாயனம் சுண்ணாம்புப் பாறை வழியாக இறங்கி ஓல்ம் வாழும் தண்ணீரிலேயே சேர்ந்திருக்கிறது. சூனியக்காரியை அன்றிரவே அழித்துவிட்டேன். அந்த இடத்தில் யாரைப் போடுவது என்று இன்னும் தெரியவில்லை.

மூன்றாம்ஜாமம்:
வாசல்பல்லி, கோபிக்க வேண்டாம். இருமுகிற டிராகனுக்கு யார்தான் இரங்க மாட்டார்கள்? நான் படித்த கதையில் நீள விரல் பூதத்தைக் கொன்றதும் காடு தழைக்கிறது. கைதட்டாத குறையாகப் படித்தேன். பிறகு அய்-அய் என்ற லெமூரை, குரங்குக்குத் தூரத்து உறவான பிராணியை, படத்தில் பார்த்தேன், அதே விரல். மரத்தைத் தட்டிப் பார்த்து, புழு இருக்கும் இடத்தைக் காதால் கண்டுபிடித்துத் தோண்டி எடுக்கத்தான் அந்த விரல். மடகாஸ்கரில் அதை அபசகுனம் என்று கொல்கிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் மாதிரி இருந்தது.

பழையபேனா:
எனக்கும் ஒரு சதுப்புநிலப் பிராணி உண்டு, அது இருக்கட்டும். குகைவாசி, வில்லனைத் தேடாதீர்கள். ஆலையில் வேலை பார்க்கும் அப்பாவைப் போடுங்கள், நாயகியின் அப்பாவாகவே இருக்கட்டும். அவர் சம்பளத்தில்தான் அவள் படிக்க வேண்டும். பிராணியைப் பேச வைக்காதீர்கள், பேசினால் பொம்மையாகிவிடும். அதன் காலக்கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓல்ம் சராசரியாகப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் முட்டையிடும். போஸ்னியாவில் ஒன்று ஏழு வருஷத்துக்கு மேல் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. நாயகி பதினான்கில் பார்க்கட்டும், இருபத்தொன்றில் திரும்பி வரட்டும். அது அங்கேயே இருக்கும், தண்ணீர்தான் மாறியிருக்கும். முதல் அத்தியாயத்தில் வரைபடம் வேண்டாம். தலைப்பில் 'ரகசியம்' என்ற சொல்லும் வேண்டாம்.

குகைவாசி:
நான் யோசனை எதுவும் கேட்கவில்லையே. அந்த அப்பாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாம்ஜாமம்:
வாசல்பல்லி, அது நானும் படித்த புத்தகம்தான் என்று இப்போது தெரிகிறது. வலை முழுதாக வெளியே வந்துவிடும். ஆனால் அதன் மறுமுனையில்

வாசல்பல்லி:
சொல்லாதீர்கள் என்றேனே!