எஸ்.பி.பி. வாய்ஸ்

பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் மறைந்த செப்டம்பர் 25 வந்தால் எழுதாமல் கை சும்மா இருப்பதில்லை. 2020இல் அன்று வெள்ளிக்கிழமை. மதியம், பையனின் ஆன்லைன் வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு டீச்சர் பாதியில் நிறுத்தி, யாரிடமும் இல்லாமல் தனக்குத்தானே சொல்வதுபோல, "எஸ்.பி.பி. போயிட்டாராம்" என்றார். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் நின்ற அம்மாக்களுக்குத்தான் புரிந்தது. அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்? இப்படிக் கேட்டதற்கு வந்த பதில்கள் கீழே.

*

நான் நெல்லைப் பக்கம் மெல்லிசைக் குழுவில் பாடுகிறவன். எங்கள் தொழிலில் பாடகருக்குப் பேர் கிடையாது, வாய்ஸ்தான். கோயில் கொடைக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, கச்சேரி பேச வருகிற கமிட்டிக்காரர், "டி.எம்.எஸ். வாய்ஸ் இருக்கா, யேசுதாஸ் வாய்ஸ் இருக்கா, எஸ்.பி.பி. வாய்ஸ் யாரு?" என்று கேட்டுத்தான் முன்பணம் கொடுப்பார். இருபத்தாறு வருஷமாக நான் எஸ்.பி.பி. வாய்ஸ்.

அவரும் முறையாகச் சங்கீதம் படித்தவரில்லை, என்ஜினீயரிங் படிக்கப் போனவர் என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய தெம்பு. ஆனால் அந்தத் தெம்பை நம்பி மைக் முன்னால் நின்றால் தெரியும். எங்கே மூச்சு எடுக்கிறார் என்று கண்டுபிடிக்கவே எனக்குப் பல வருஷம் ஆனது. அப்புறம் அந்தச் சிரிப்பு. சரணத்துக்கு நடுவில் லேசாக ஒரு சிரிப்பைப் போட்டுவிட்டுப் போவார். அது பாட்டோடு பாட்டாகக் கரைந்துவிடும். நான் சிரித்தால் பாட்டு நிற்கும், சிரிப்பு மட்டும் கேட்கும். கடைசிவரை அது எனக்கு வரவில்லை.

'கேளடி கண்மணி' படத்தின் மூச்சுவிடாப் பாட்டைப் பாடச் சொல்லிச் சீட்டு வராத ஊர் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒருத்தர் மேடைக்குக் கீழே வந்து நின்று என் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பார், எங்கே எடுக்கிறேன் என்று. மைக்கைக் கொஞ்சம் விலக்கி, தபேலா விழுகிற இடத்தில் எடுத்துவிடுவேன். இத்தனை வருஷத்தில் இரண்டு பேர்தான் பிடித்திருக்கிறார்கள்.

2020இல் கொரோனாவால் பங்குனி, சித்திரைக் கொடை எல்லாம் நின்றுபோனது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். கீபோர்டுக்காரர் ஊருக்குப் போய்விட்டார், நான் தள்ளுவண்டியில் காய்கறி விற்றேன். ஆகஸ்ட் 5ஆம் தேதி எஸ்.பி.பி.யின், எங்கள் பாலு சாரின், வீடியோ வந்தது. லேசான காய்ச்சல், சளி, இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விடுவேன், யாரும் போன் பண்ண வேண்டாம் என்று நிதானமாகப் பேசினார். சரி, வந்துவிடுவார் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அடுத்த வாரமே வென்டிலேட்டர். ஆகஸ்ட் 20 மாலை 6 மணிக்கு எல்லோரும் அவர் பாட்டைப் போட்டுப் பிரார்த்தனை செய்யச் சொன்னார்கள். நான் மொட்டைமாடியில் நின்று பாடினேன். ஐந்து மாதமாகக் "கத்தரிக்கா, வெண்டைக்கா" என்று கூவிய தொண்டை. பல்லவி முடிவதற்குள் உடைந்துவிட்டது. பக்கத்து மாடியில் ஒரு பெண் மீதியைப் பாடி முடித்தார்.

செப்டம்பரில் மகன் சரண் ஒவ்வொரு தடவை பேசும்போதும் கொஞ்சம் தேறிவருகிறார் என்று தோன்றும். அதனால்தான் 25ஆம் தேதியை மனசு ஏற்கவில்லை. வண்டியை நிறுத்தியிருந்த தெருவில் ஒரு அக்கா வாசலுக்கு வந்து, "தம்பி, உங்காளு போயிட்டாருப்பா" என்றார். காய் வாங்க வரவில்லை, அதைச் சொல்லத்தான் வந்தார்.

அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் நாலைந்து பேர் துஷ்டி கேட்க வந்தார்கள். நிஜமாகவே, மாஸ்க் போட்டுக்கொண்டு, திண்ணையில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல். ஒருவர் கையைப் பிடித்தார். எனக்கும் அவருக்கும் என்ன சொந்தம்? அவரை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. வந்தவர்களிடம் அதைச் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

*

அவரை அடக்கம் செய்த தாமரைப்பாக்கத்துக்குப் போனேன், 26ஆம் தேதி காலையில். செங்குன்றத்தைத் தாண்டி வண்டிகளை மறித்துவிட்டார்கள். நடந்துதான். முன்னால் போன பெரியவர் சட்டைப்பையில் போன் பாடிக்கொண்டே வந்தது, அவர் அழவில்லை. பண்ணை வீட்டு வாசலில் தலைகள்தான் தெரிந்தன. விஜய் வந்தபோது கூட்டம் முண்டியடித்தது. எழவு வீட்டில்கூட செல்போனைத் தூக்குகிறார்களே என்று எனக்கு எரிச்சல். அப்புறம் மரியாதைக்காகப் போலீஸ் துப்பாக்கிகள் வெடிக்கும் சத்தம். அவ்வளவுதான் நான் பார்த்ததும் கேட்டதும். மேலே எழுதிய அண்ணனிடம் சொல்ல வேண்டும்: அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் உங்களைப் போலத்தான், நேரில் பார்க்காதவர்கள்.

*

நாங்கள் பெங்களூரு. பக்கத்து வீட்டு அஜ்ஜிக்கு, அதாவது பாட்டிக்கு, எஸ்.பி.பி. கன்னடக்காரர். டிவியில் எஸ்.பி.பி. நடத்திய 'எதெ தும்பி ஹாடுவெனு' என்ற கன்னடப் பாட்டு நிகழ்ச்சியை வருஷக்கணக்கில் பார்த்தவர் அஜ்ஜி. எங்கள் வீட்டிலிருந்து தமிழ்ப் பாட்டும் அவர் வீட்டிலிருந்து கன்னடப் பாட்டும் அன்று இரவு ஒரே குரலில் சண்டை போட்டன. எஸ்.பி.பி. தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்தவர் என்று நான் அஜ்ஜியிடம் இன்னும் சொல்லவில்லை.

*

நெல்லைக்காரன்தான் மறுபடியும். ஒன்று விட்டுப்போனது. நாற்பத்தைந்து வருஷம் தன் குரலாக இருந்தவர் என்று ரஜினி சொன்ன அவருடைய பாட்டு, அவர் போய் ஒரு வருஷம் கழித்து 2021 அக்டோபரில் 'அண்ணாத்த' படத்துக்காக வெளிவந்தது. ஓபனிங் பாட்டு. இதற்கும் சீட்டு வரும் என்று தெரியும். பழைய பழக்கத்தில் நோட்டை எடுத்துவைத்து, மூச்சு எடுக்கிற இடத்துக்கெல்லாம் சின்னக் கோடு போட்டுக்கொண்டே கேட்டேன். மூன்றாவது தடவை கேட்கும்போதுதான், இனிமேல் இந்த ஆளுக்கு இப்படிக் கோடு போடுகிற வேலை இல்லை என்று உறைத்தது. வீட்டுக்காரி வந்து போனை நிறுத்திவிட்டு டீ கொடுத்தாள்.

அடுத்த வருஷக் கொடையில் அதைப் பாடினேன், நல்ல கைதட்டல். நோட்டில் அதற்குப் பிறகு சித் ஸ்ரீராம் பாட்டுகளாக எழுதி வைத்திருக்கிறேன். என் தொண்டைக்குச் சேரவில்லை. ஆனால் இளவட்டங்கள் சீட்டு எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.